சமாதானப் பண்பாட்டை வளர்க்கும் கல்வியும் ஆலயக் கூடலும்

சண்டை சச்சரவு இல்லாத நிலையே சமாதானம் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆனால் அயலவருக்கு அஞ்சி வாய்மூடி வாழ்வதும் வெளிப்பார்வைக்குச் சமாதானம் போலவே தோன்றும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சப்ரகமுவத் தோட்ட மக்கள் அனுபவத்தால் அறிந்தவர்கள்.

எஹலியகொட முதல் இறக்குவானை வரை தேயிலை, றப்பர் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களோடு கலந்தே கிடக்கின்றன. லயத்து மக்களும் கிராமத்து மக்களும் ஒரே கடையில் சாமான் வாங்கி, ஒரே பஸ்ஸில் பயணம் செய்கின்றனர். அப்படியிருந்தும் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் இன வன்செயல்கள் தோட்ட மக்களையும் விட்டுவைக்கவில்லை. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் பெரிதும் பாதிக்கப்பட்டன. அக்காலத்தில் மலையகக் குடும்பங்கள் பல வன்னிப் பகுதிக்கு இடம்பெயர்ந்தன.

இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்பது ஓர் அறக்கேள்வியாகும். பழைய புண்ணைக் கிளறக்கூடாது என்பர் சிலர். ஆயினும் பெரியவர்கள் மறைப்பதைப் பிள்ளைகள் அரைகுறையாகக் கேட்டறிவர். அந்த அரைகுறைச் செய்தியே பகையாக வளரும். எனவே உண்மையை முழுமையாகச் சொல்வதே நல்லது. தீ வைத்தவர்கள் இருந்தார்கள். அதே நாட்களில் தமிழரைத் தம் வீட்டில் ஒளித்துக் காத்த சிங்கள மக்களும் இருந்தார்கள். இவ்விரண்டையும் சேர்த்துக் கேட்கும் பிள்ளை, குற்றம் செய்தவனை ஓர் இனத்தின் உருவமாகப் பார்க்காது.

1999 செப்டெம்பர் 13ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சமாதானப் பண்பாடு பற்றிய பிரகடனத்தை நிறைவேற்றியது. அதில் கல்விக்கு முதன்மையான இடம் கொடுக்கப்பட்டது. இலங்கையிலோ பெரும்பாலான பாடசாலைகள் மொழிவாரியாகப் பிரிந்துள்ளன. பக்கத்துப் பக்கத்தில் வாழும் பிள்ளைகள் வகுப்பறையில் சந்திப்பதில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியானது. சட்டம் தந்த உரிமை வாழ்வில் பயன்பட வேண்டுமாயின் ஒருவர் மொழியை மற்றவர் கற்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளை சிங்களம் கற்பது பிழைப்புக்காக. கிராமத்துப் பிள்ளை தமிழ் கற்பது மரியாதைக்காக. இரு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் அது உறவாகும். ஒரு கை தட்டினால் ஓசை எழாது.

வகுப்பறை பிரித்ததை ஆலய முற்றம் சேர்த்துவைக்க முடியும். இதற்குச் சான்று தேடித் தூரம் போக வேண்டியதில்லை. டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைக்கு இந்துக்களும் பௌத்தர்களும் ஒரே படியில் ஏறுகின்றனர். பாதம் சிவனுடையது என்பவரும் புத்தருடையது என்பவரும் களைத்தவரைக் கைகொடுத்துத் தூக்கிவிடுகின்றனர். நம்பிக்கை வேறாக இருந்தும் நடை ஒன்றாக இருக்கிறது.

அம்மன் திருவிழாவும் அத்தகைய கூடலாக அமையலாம். அன்னதானப் பந்தியில் கிராமத்தவரும் அமரட்டும். வெசாக் தன்சலில் தோட்டத்து இளைஞர்களும் பரிமாறட்டும். அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளும் பன்சலைப் பிள்ளைகளும் பாதை துப்புரவுச் சிரமதானத்தில் ஒன்றுசேரட்டும். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. பெயர் சொல்லி அழைக்கும் மனம் போதும்.

கலவரத்தின்போது வதந்தி பரவுவது முன்பின் அறியாதவர் நடுவேதான். பெயர் தெரிந்த மனிதரைப் பற்றிச் சொல்லப்படும் பொய் எளிதில் எடுபடாது. ஆகையால் அயலவரை அறிந்துகொள்வதே ஊருக்குப் பலமான காவலாகும். தமக்கு நேர்ந்த துன்பத்திற்கு நீதி கேட்கும் உரிமையை இதனால் எவரும் இழப்பதில்லை. பகையின்றி நீதி கேட்கும் துணிவையே பெறுகின்றனர்.

தேரின் வடத்தை எல்லோரும் சேர்ந்து பிடித்தால்தான் தேர் நகரும். ஊரின் சமாதானமும் அவ்வாறே. அதற்கு வேண்டிய நல்லறிவையும் மனத்துணிவையும் எல்லாம் வல்ல அம்பாள் அனைவருக்கும் அருள்வாளாக.