பற்று வரவு

"வரையணும்னு தோணலப்பா."

ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள், போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்னது இது. கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். அழுதிருந்தால் ஐஸ்க்ரீம் வாங்கித் தந்திருப்பேன். அவளோ, 'இன்னிக்கு இட்லி வேண்டாம்' என்பது போல சாதாரணமாகச் சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பென்சில் பிடிக்க வந்த நாளிலிருந்து கிறுக்கிக்கொண்டிருந்தவள். பால் கணக்கு நோட்டு, கரன்ட் பில்லின் பின்பக்கம், என் செக் புக்கின் அட்டை... எதையும் விட்டுவைத்ததில்லை. ஆட்டோ வரைவாள். தெருப் பூனையை வரைவாள். பூனை ஓட்டுகிற ஆட்டோவை வரைவாள். யாரும் சொல்லி வரைந்ததில்லை. யாரும் சொல்லி நிறுத்தியதும் இல்லை.

பிறகு ஏன் நின்றது? குற்றவாளி நான்தான். "இவ்வளவு நல்லா வரையுறியே, நாலு பேர் பார்க்க வேண்டாமா?" என்று என் பெயரில் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் திறந்தேன். வாரத்துக்கு மூன்று படம் என்று டார்கெட் வேறு. பூனை ஓட்டிய ஆட்டோவுக்கு 46 லைக். அவள் ரொம்ப ஆசையாக வரைந்த மழைக்கால பஸ் ஸ்டாண்டுக்கு 11. "ஏம்ப்பா, இது நல்லா இல்லையா?" என்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. அடுத்த வாரம் மறுபடி பூனையே போட்டுடலாம்" என்றேன், விளம்பர கம்பெனி மேனேஜர் மாதிரி. நாலே மாதம். கலர் பென்சில் டப்பா மூடிக்கொண்டது.

'தோணல' என்ற அந்த வார்த்தை என்னை உலுக்கியதற்குக் காரணம் உண்டு. அதே வார்த்தையை, அதே குரலில், நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

எனக்குத் தபால்தலைப் பைத்தியம். கும்பகோணத்தில் எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளுக்கு சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து கடிதம் வரும். தபால்காரருக்கு முன்னால் நான் போய் நிற்பேன். தபால்தலை ஒட்டிய மூலையைக் கத்தரித்து வந்து, டவராவில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, தானாக வழுக்கி வந்ததும் பழைய பேப்பரில் கவிழ்த்துக் காயவைத்து, கனமான டிக்‌ஷனரிக்குள் வைத்து அழுத்தினால் மறுநாள் ஆல்பத்துக்கு ரெடி. 'மக்யார் போஸ்டா' என்றால் ஹங்கேரி, 'ஹெல்வெட்டியா' என்றால் சுவிட்சர்லாந்து, 'சுவோமி' என்றால் பின்லாந்து. பூகோள வாத்தியார் சொல்லித் தராத உலகம். 1991-ல் சோவியத் யூனியன் உடைந்தபோது, என் ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்க இல்லாத நாடாகிப் போனது. இரண்டு நாள் துக்கம் அனுஷ்டித்தேன்.

சென்னைக்கு பி.காம். படிக்க வந்தேன். திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதைக் கடையில் பழைய தபால்தலை கேட்லாக் ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு தபால்தலைக்கும் விலை போட்ட புத்தகம். அன்றைக்குப் பிடித்தது சனி. படிப்பதோ கணக்கியல், சும்மா இருப்பேனா? ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, கோடு போட்டு, என் ஆல்பத்துக்கு சொத்து மதிப்பு எழுத ஆரம்பித்தேன். அதுவரை எனக்குப் பிடித்த தபால்தலை, பிடிக்காத தபால்தலை என்று இரண்டே வகை. இப்போது விலை உள்ளது, விலை இல்லாதது என்று ஆனது. ஓரத்தில் பல் உடைந்த தபால்தலைகளைத் தூக்கி எறிந்தேன். அதில் ஒன்று, எட்டு வயதில் அப்பா முதன்முதலாக எனக்குப் பிரித்துக் கொடுத்தது.

கடைசி வருஷம், ஒரு தபால்தலைக் கண்காட்சியில் வியாபாரி ஒருவரிடம் ஆல்பத்தை நீட்டினேன். நிதானமாகப் புரட்டினார். ஹங்கேரியின் முக்கோணத் தபால்தலை ஒன்றைத் திருப்பிக் காட்டினார். முன்பக்கம் முத்திரை குத்தியிருந்தது. பின்பக்கம் பசை அப்படியே இருந்தது. "பார்த்தீங்களா தம்பி... இது எந்தக் கடிதத்திலும் ஒட்டினதே இல்லை. சேகரிக்கிறவங்களுக்கு விற்கறதுக்காகவே அச்சடிச்சு, அங்கேயே சீல் குத்தி அனுப்பினது. இதெல்லாம் கிலோ கணக்குல வர்ற சரக்கு. மொத்தமா 350 ரூபாய் தரலாம்" என்றார்.

விற்கவில்லை. அழவும் இல்லை. ஊருக்கு வந்து ஆல்பத்தை ஒரு மஞ்சள் பைக்குள் போட்டுப் பரணில் ஏற்றினேன். "என்னடா, ஸ்டாம்ப் எல்லாம் பாக்கறதில்லையா?" என்று அம்மா கேட்டபோது சொன்னேன்: "தோணலம்மா."

என் கதையும் என் மகளின் கதையும் ஏதோ எங்கள் வீட்டு ராசி என்று நினைத்துவிட வேண்டாம். மனோதத்துவத்தில் இதற்குப் பெயர் பெற்ற ஒரு பரிசோதனை இருக்கிறது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று பேர், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து நர்சரிப் பள்ளியில் செய்தது, 1973-ல் வெளிவந்தது. ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் இயல்பாகவே ஆசை உள்ள குழந்தைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவிடம், 'வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் பிரிவுக்கு, சொல்லாமல் கடைசியில் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, வகுப்பில் பேனாக்களைச் சும்மா பரப்பி வைத்துவிட்டு, மறைந்திருந்து கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள், மற்ற குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தன.

கவனியுங்கள். பரிசு கெடுக்கவில்லை, எதிர்பாராமல் பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு எந்தச் சேதாரமும் இல்லை. 'இதைச் செய்தால் அது வரும்' என்ற ஒப்பந்தம்தான் கெடுத்தது.

கணக்குப் புத்தகத்தில் இடது பக்கம் 'பற்று', வலது பக்கம் 'வரவு' என்று எழுதுவோம். பற்று என்றால் தமிழில் இன்னொரு அர்த்தமும் உண்டு: பிடிப்பு, ஆசை. என் தொழில் படிப்பு எனக்குச் செய்த ஒரே துரோகம், இந்த இரண்டையும் ஒன்றாக்கியதுதான். எதன் மீது பற்று இருந்ததோ, அதையே பற்றில் எழுதிவிட்டு, வரவு எங்கே என்று தேடினேன். வரவு இல்லை என்றதும் பற்றும் போய்விட்டது.

இந்த இடத்தில் இரண்டு விஷயங்களை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று, ஏதோ ஒரு பொழுதுபோக்கு மட்டும் கசந்தால் அது வேறு. சாப்பாடு, பாட்டு, நண்பர்கள், குழந்தையின் சிரிப்பு என்று எதுவுமே ருசிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அது சோம்பலும் இல்லை, விரக்தித் தத்துவமும் இல்லை. மனச்சோர்வு நோயாக இருக்கலாம். கட்டுரை படித்துச் சரியாகாது. டாக்டரைப் பாருங்கள்.

இரண்டாவது, என் மனைவி சொன்னது. இதையெல்லாம் உருக்கமாக அவளிடம் விவரித்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்: "உங்களுக்காவது விட்டுப்போச்சு. எனக்கு ஆசை அப்படியேதாங்க இருக்கு. நேரம்தான் விட்டுப்போச்சு." கல்யாணத்துக்கு முன்னால் அவள் வயர் கூடை பின்னுவாள். சிவன் கண், நெல்லிக்காய் என்று விதவிதமாக முடிச்சுப் போடுவாள். இருபது வருஷமாக ஒரு கூடை கூடப் பின்னவில்லை என்பதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன். ஒருவருடைய பொழுதுபோக்கு நேரம், அநேகமாக வீட்டில் இன்னொருவர் வேலை செய்கிற நேரம். இந்தக் கணக்கை மட்டும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

சரி, ஒரு பொழுதுபோக்கு செத்துப்போனால்தான் என்ன? உலகம் அழிந்துவிடுமா? வேலையைப் பார்ப்போமே!

அப்படி வேலையைப் பார்த்த ஒருவர் சார்லஸ் டார்வின். கேம்பிரிட்ஜில் படித்தபோது அவருக்கு வண்டு சேகரிக்கும் வெறி. இரண்டு கையிலும் இரண்டு அபூர்வ வண்டுகளைப் பிடித்திருந்த சமயம், மூன்றாவதாக ஒன்று கண்ணில் பட, கையில் இருந்த ஒன்றை வாய்க்குள் போட்டுக்கொண்டாராம். அது நாக்கில் எரிச்சல் திரவத்தைப் பீய்ச்ச, துப்பிவிட்டார். அதுவும் போச்சு, மூன்றாவதும் போச்சு! அவருக்கு சங்கீதமும் பிடிக்கும். சர்ச்சில் பாடும் பையன்களைக் காசு கொடுத்துத் தன் அறைக்கு அழைத்துப் பாடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். 'பீகிள்' கப்பலில் போனபோது, கரையில் இறங்கிச் சுற்றும் பயணங்களுக்கு ஒரே ஒரு புத்தகம்தான் எடுத்துப் போக முடியும் என்றால், மில்டனின் கவிதையைத்தான் எடுத்துப்போவாராம்.

அந்த மனிதர் 1876-ல், 67 வயதில், தன் பிள்ளைகளுக்காக எழுதிய சுயசரிதையில் ஒரு விஷயத்தை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறார். இப்போது ஒரு வரி கவிதை கூடத் தாங்க முடியவில்லை. ஷேக்ஸ்பியரைத் திறந்தால் குமட்டுகிறது. ஓவியம், இசை எல்லாமே ருசி இழந்துவிட்டன. தகவல்களை அரைத்து விதிகளாக மாற்றும் யந்திரமாகத் தன் மூளை ஆகிவிட்டது என்கிறார். இன்னொரு முறை வாழக் கிடைத்தால், வாரத்துக்கு ஒரு தடவையாவது கொஞ்சம் கவிதை படிப்பது, கொஞ்சம் இசை கேட்பது என்று விதி வைத்துக்கொள்வாராம். இந்த ருசிகள் போவது சந்தோஷம் போவது மட்டுமல்ல, அறிவுக்கும் அதைவிட அதிகமாக மனிதனின் நல்ல குணத்துக்கும் கெடுதலாகலாம் என்றும் பயப்படுகிறார்.

உலகத்தின் பார்வையையே மாற்றிய மனிதர் இவர். வாழ்க்கையின் வரவுப் பக்கத்தில் எழுத இடமில்லாத அளவுக்குச் சாதித்தவர். அவரே இப்படிச் சொல்கிறார் என்றால், மாத டார்கெட்டுக்காகப் புல்லாங்குழலைப் பரணில் போட்ட நமக்கு எவ்வளவு நஷ்டம்?

போனது திரும்பி வருமா? இயற்பியல் மேதை ரிச்சர்ட் ஃபைன்மனுக்கு வந்தது. 1945-ல் இளம் மனைவியைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். யுத்தமும் அணுகுண்டு வேலையும் முடிந்து கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்தவருக்கு, ஆராய்ச்சியில் உட்காரவே முடியவில்லை. முக்கியமானதைச் செய்தாக வேண்டும் என்று நினைத்தாலே மனசு இறுகிக்கொண்டது. ஒருநாள் முடிவெடுத்தார்: இனி இயற்பியலை, சின்ன வயசு மாதிரி, விளையாட்டாக மட்டுமே செய்வது. அப்புறம் ஒருநாள் கேன்டீனில் யாரோ தட்டை மேலே தூக்கிப் போட, அது ஆடிக்கொண்டே சுழல்வதைப் பார்த்தார். அந்த ஆட்டத்துக்கும் சுழற்சிக்கும் என்ன விகிதம் என்று கணக்குப் போட்டார். இதனால் என்ன உபயோகம் என்று மூத்த விஞ்ஞானி ஹான்ஸ் பெத்தே கேட்டதற்கு, ஒன்றும் இல்லை, சும்மா ஆசைக்குத்தான் என்றாராம்.

அந்த விளையாட்டிலிருந்து தொடங்கிய பாதைதான் 1965-ல் நோபல் பரிசு வரை போனது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் ஜாக்கிரதை! 'ஆஹா, சும்மா விளையாடினால் நோபல் வருமா?' என்று நினைத்தீர்களோ, மறுபடி நோட்டைத் திறந்துவிட்டீர்கள். நோபல் வராத தட்டுகள்தான் உலகத்தில் அதிகம். அவற்றையும் யாராவது பார்த்து ரசித்திருப்பார்கள். அவர்களுக்கும் அந்த மத்தியானம் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

இந்தப் பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது மஞ்சள் பை இறங்கியது. குப்பைக்குப் போக வேண்டியதை மகள் பிரித்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உடனே ஆனந்தம் பொங்கியது என்று சொன்னால் பொய். முதல் பத்து நிமிஷம், 350 ரூபாய் என்ற குரல்தான் காதில் கேட்டது. அப்போது அவள், "இதுல மட்டும் ஏம்ப்பா நாட்டோட பேரே இல்ல?" என்றாள். ராணி எலிசபெத் தலை போட்ட இங்கிலாந்துத் தபால்தலை. அதே கேள்வியை, அதே வயசில், நான் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன்.

1840-ல் உலகத்தின் முதல் தபால்தலையான 'பென்னி பிளாக்'கை வெளியிட்டது பிரிட்டன். வேறு எந்த நாட்டிலும் தபால்தலையே இல்லாதபோது பெயர் எதற்கு? அந்தச் சலுகை இன்றைக்கும் தொடர்கிறது. மன்னர் அல்லது ராணியின் தலை இருந்தால் போதும். சொல்லிக்கொண்டே போனேன். மணி பதினொன்று ஆனது தெரியவில்லை.

"இதெல்லாம் வித்தா எவ்வளவு வரும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வராது."

"அப்ப சரி. யாரும் கேக்க மாட்டாங்க."

இப்போது ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் எனக்கு ஆல்பம். முந்தைய ஒரு மணி நேரம் சமையலறை என் பொறுப்பு; மனைவிக்கு வயர் ரோல் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். என்ன கலர், யாருக்கு என்று கேட்கவில்லை. சில ஞாயிறு ஆல்பம் போரடிக்கும். மூடிவிடுவேன். அடுத்த வாரம் திறப்பேன். விட்டுப்போன ஆசை, விட்டுப்போன சிநேகிதன் மாதிரிதான். முதலில் கொஞ்சம் அசட்டு மௌனம் இருக்கும். எழுந்து போய்விடாமல் உட்கார்ந்திருந்தால் பேச ஆரம்பித்துவிடும்.

இன்ஸ்டாகிராம் பக்கத்தை மகளிடம் கேட்டுவிட்டு மூடினேன். போன வாரம் டைனிங் டேபிளில் ஒரு நோட்டு கிடந்தது. மேலே பென்சில், பக்கத்தில் ரப்பர் தூள்.

திறந்து பார்க்கக் கை பரபரத்தது. ரப்பர் தூளை மட்டும் துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.