மறைத்தலும் மருத்துவ அறமும்

முத்தையாபுரத்தை அணித்தாகவுடைய தூத்துக்குடிக் கடலில், முற்காலத்தே முத்துக்குளிப்போன் தோணிமேல் கயிறு பிடிப்பவன் கையில் தன் உயிரை ஒப்புவித்தே நீருள் மூழ்கினான். மேலே நிகழ்வது அவனுக்குப் புலனாகாது. மயக்கமருந்தால் அறிவிழந்து கிடக்கும் நோயாளன் நிலையும் அன்னதே. சிகிச்சையிற் பிழை நேர்ந்து அவனுக்குத் தீங்கு விளையின், அதனை அறிந்தோர் மருத்துவத் துறையினரே. அவர் அவ்வுண்மையை உரைத்தல் கடனோ, மறைத்தல் தகுமோ என்பது ஆராயற்பாலது.

மறைத்தலே நன்றென்பார் மூன்று ஏதுக்கள் கூறுவர். குற்றமற்ற நன்மை பயப்பின் பொய்யும் மெய்யின்பாற்படும் என்பது வள்ளுவர் கொள்கையன்றோ என்பது ஒன்று. இறைவன் ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்றாகலின், நோயாளன் நலங்கருதி மறைத்தல் இழுக்காகாது என்பது மற்றொன்று. உற்ற தீங்கு அவன் ஊழ்வினை என்பது பிறிதொன்று.

இவற்றின் வன்மையை ஒரு நிகழ்ச்சியான் அளந்தறியலாம். 2018 டிசம்பர்த் திங்களில், விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர் அரசு மருத்துவமனையில், கருவுற்ற பெண்ணொருத்திக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள குருதி ஏற்றப்பட்டது. அதனை ஈந்தவன் 19 வயதினன். 2016-இலேயே அவன் ஈந்த குருதியில் அந்நோய் காணப்பட்டும், அச்செய்தி அவன் செவிக்கு எட்டவில்லை. பின்னர் அயல்நாட்டு வேலைக்கெனச் செய்த சோதனையால் தன் நிலையறிந்த அவன், தானே குருதி வங்கிக்கு அறிவித்தான். அதனாலன்றோ பிழை வெளிப்பட்டது. தாய்க்கு உரிய மருந்து கிடைத்தது. 2019 சனவரியிற் பிறந்த மகவு அந்நோய்க்குத் தப்பியது. அவ்விளைஞனோ 2018 டிசம்பர் இறுதியில் உயிர் நீத்தான்.

உரையாது விட்டதொன்று இருவர்க்குக் கேடாயிற்று. உரைத்ததொன்று ஓருயிரைக் காத்தது. ஆகலின் முதல் ஏது நில்லாது. வள்ளுவர் கூறிய நன்மை பிறர்க்காவது. தன் பிழையை மறைப்பவன் எய்தும் நன்மையோ தனக்கே ஆவது.

இரண்டாவதும் பொருந்தாது. என்னை? இறைவன் மறைப்பது உயிர்களின் மலம் பரிபாகமுறுதற்பொருட்டு. அம்மறைப்பு அருளலில் முடியும். மருத்துவன் மறைப்பது நாணும் அச்சமும் பற்றி, அதற்கு முடிவில்லை. ஆகலின் அது திரோதானம் அன்று, ஆணவமே என்க. புறவிருள் பிறவற்றை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவவிருளோ தன்னையும் காட்டாது என்று உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனுள் விளக்கினர். பிழையை மறைப்போன் தான் மறைப்பதையே அருளெனக் கருதி மயங்குதல் இவ்விருளின் இயல்பேயாம்.

ஊழ் என்பாரும் அயர்ந்தனர். துன்பம் நுகர்வோனுக்குப் பிராரத்துவமாயினும், அதனை மறைத்த செயல் செய்தோனுக்கு ஆகாமியமாய் ஏறுதல் ஒழியாது.

அற்றேல், நோயாளன் உளம் உடையாதோ எனின், உரைக்கும் முறையில் உள்ளது அது. நிகழ்ந்தது இது, இனிச் செய்யத்தக்கது இது என்று, பொறுப்பைப் பிறர்மேல் ஏற்றாது, கனிவொடு கூறல்வேண்டும். உடம்பு அவ்வுயிர்க்கென இறைவன் அளித்த கருவி. அதன் செய்தியை அறியும் உரிமை அவ்வுயிர்க்கே முதலாவது.

புள்ளிருக்குவேளூர்ப் பெருமான் வைத்தியநாதன் என்னும் திருப்பெயர் கொண்டருளினன். அப்பெயர்க்குரிய தொழிலைக் கைக்கொண்டோர், தம்மை நம்பிக் கண்மூடியோர்க்கு மெய்யுரைத்தல், அப்பெருமானுக்குச் செய்யும் வழிபாடேயாகும்.

திருச்சிற்றம்பலம்.