தொட்டால் நிற்கும் பிரேக்

விரதம் இருப்பவருக்கு ஏன் இத்தனை கோபம் வருகிறது? கார்த்திகை பிறந்தால் இந்தக் கேள்வி எனக்குள் எழுந்துவிடும். கம்பத்தில் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதை பக்கத்தில்தான். சபரிமலைக்குப் போகிறவர்கள் மலை ஏறுமுன் பிரேக் பார்க்க வருவார்கள். நானும் மாலை போடுகிறவன்தான். பட்டறையில் யாரைப் பார்த்தாலும் “சாமி” என்றுதான் கூப்பிடுவோம். ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கும் பையனும் சாமி. அந்தச் சாமியைத்தான் ஒரு நிமிடம் தாமதமானதற்குச் சிலர் கண்டபடி திட்டுகிறார்கள்.

பசி, தூக்கமின்மை, விடியற்காலைப் பச்சைத் தண்ணீர்க் குளியல் என்று காரணம் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. பசிதான் காரணம் என்றால் எல்லோர் மேலும் எரிந்து விழ வேண்டுமே. பையனைத் திட்டிய அதே வாய், கடன் கொடுத்தவரின் போன் வந்தால் “சொல்லுங்கண்ணே” என்று குழைகிறது. கோபத்துக்கு ஆள் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

பழைய அம்பாசடரில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். அதை இன்னும் ஓட்டுகிறவர்களில் சிலர் பெருமையாகச் சொல்வார்கள்: “அண்ணே, பிரேக் அருமை. தொட்டா நிக்குது.” அப்படிச் சொன்னால் முதலில் பின்பக்கம்தான் ஜாக்கி வைப்பேன். மிதிக்கிற அளவுக்குப் பிடிப்பதுதான் பிரேக். தொட்டதும் கவ்வுகிறது என்றால் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது.

பின் டிரம்முக்குள் இரண்டு ஷூ உண்டு. பெடலை மிதித்தால் வீல் சிலிண்டர் இரண்டையும் விரிக்கும். முன்பக்க ஷூவைச் சுற்றுகிற டிரம்மே இழுத்துத் தன்மேல் இன்னும் இறுக்கிக்கொள்ளும். பின்பக்க ஷூவைத் தள்ளிவிடப் பார்க்கும். ஆக, சக்கரத்தின் ஓட்டமே சக்கரத்தை நிறுத்தக் கை கொடுக்கிறது. இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. லைனிங்கின் பிடிப்பு கொஞ்சம் கூடினாலும் முன் ஷூ அதைப் பெருக்கிவிடும். சிலிண்டர் ரப்பர் தேய்ந்து பிரேக் ஆயில் கசியும். ஆக்சில் சீல் போய் கியர் ஆயில் இறங்கும். எண்ணெய் நிறையப் பட்டால் வழுக்கும். லேசாகப் பட்டால் பிசுபிசுத்துக் கவ்வும்.

எல்லாக் கவ்வலுக்கும் எண்ணெய் காரணமில்லை. பனி பெய்த காலையில் முதல் சில மிதிகளுக்கு மட்டும் கவ்வி, பிறகு சரியானால், டிரம்மில் ஏறிய துருதான், விட்டுவிடலாம். மிதிக்கும்போது பெடல் துடித்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. லேத்தில் கடைய வேண்டும். லைனிங் மாற்றிய கையோடு கவ்வினால் அதன் நுனி முதலில் உரசுகிறது. ஓரத்தை அரத்தால் சாய்த்துவிட வேண்டும். ஷூ நகரும் இடத்தில் பேக் பிளேட் பள்ளம் விழுந்திருந்தால், ஷூ சிக்கி நின்று சட்டென்று பாயும்.

கோபத்துக்கு ஆள் பார்க்கத் தெரியும் என்றேனே, அந்த முடிச்சு எனக்கு அவிழ்ந்ததும் இந்தப் பின்சக்கரத்தில்தான். பிரேக் பிடித்தால் வண்டியின் பாரம் முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகிவிடும். கவ்வுகிற பின்பிரேக், பாரம் குறைந்த அந்தச் சக்கரத்தைத்தான் முதலில் பூட்டும். மலை வளைவில், அதுவும் ஈரத்தில், பின்பக்கம் பூட்டினால் வண்டி வால் வீசிச் சுழன்றுவிடும். மனிதனும் தன்னை இழுத்துப் பிடிக்கும்போது பாரமில்லாத இடத்தில்தான் பூட்டிக்கொள்கிறான். எதிர்த்துப் பேசாத மனைவி, வேலைக்கு நிற்கும் பையன், டீ கொண்டுவரும் பெரியவர். செல்லுபடியாகிற இடத்தில் சினத்தைக் காப்பதே காப்பது என்று வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்கும்போதே வள்ளுவர் சொல்லிவிட்டார். கடன்காரரிடம் பொறுமையாக இருப்பதில் விரதம் எதுவும் இல்லை.

“அப்படியானால் விரதத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாமே” என்பார் ஒருவர். அட்ஜஸ்டரைத் தளர்த்தினாலும் கவ்வல் குறைந்த மாதிரிதான் தெரியும். பெடல் ஆழமாக இறங்கும். எண்ணெய் உள்ளேயே இருக்கும். “மனசு கடுமைக்குத்தான் அடங்கும்” என்பார் இன்னொருவர். உடம்பை வாட்டிப் பார்த்த புத்தரே அதை விட்டு நடுவழிக்கு வந்தார். புலன்களை இழுத்துக் கட்டிவிட்டு மனத்தால் அவை நாடும் பொருள்களையே நினைத்திருப்பவனைப் பொய்யொழுக்கக்காரன் என்கிறது கீதை. இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: எவ்வளவு இறுக்குவது என்று பேசுமுன் கசிவைப் பாருங்கள்.

விரதத்தில் கசிவது எது? என் கணிப்பில் அது கணக்கு. ‘இதை விட்டேன், அதை விட்டேன், இவ்வளவு விட்ட எனக்கு மரியாதை எங்கே?’ என்கிற கணக்கு. கொஞ்சம்தான் கசியும். ஆனால் அந்த முன் ஷூவைப் போலவே, ஆசையைப் பிடித்து நிறுத்தும் வேகத்தில் பாதி அந்த ஆசையிடமே வாங்கியது என்பதால், அந்தக் கொஞ்சம் பெருகிவிடும். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மாட்டினால், சூடேறியதும் உள்ளே ஊறியது மேலே வந்துவிடும். திட்டிவிட்டு “சாமி சரணம், மன்னிச்சிருங்க” என்பதும் அந்தக் கழுவல்தான். சீலை மாற்ற வேண்டும், லைனிங்கை மாற்ற வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து.

சபரிமலை சன்னிதானத்தின் முகப்பில் ‘தத்வமஸி’ என்று எழுதியிருக்கிறது. நீ தேடி வந்த பொருள் நீயே என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள். நானே அந்தப் பொருள் என்றால் ஸ்பேனர் பிடித்த பையனும் அதே பொருள்தான். மாலை போட்டவர்கள் வாயால் அவனைச் சாமி என்று ஒப்புக்கொண்டும் ஆயிற்று. எனவே ஒருவருடைய விரதம் எப்படிப் போகிறது என்று குருசாமியிடம் விசாரிக்க வேண்டாம். அவரை எதிர்த்துப் பேச முடியாதவர் யாரோ, அவரிடம் விசாரியுங்கள்.