கனவில் வந்த தேற்றமும் பெண்ணாடத்து அளவையும்

சீனிவாச ராமானுஜனின் கணிதத்தைத் திரையில் சொல்ல முயன்ற படங்கள் மிகச் சில. ஞான ராஜசேகரன் இயக்கிய ‘ராமானுஜன்’ 2014 ஜூலையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தது. ‘பாரதி’, ‘பெரியார்’ படங்களுக்குப் பின் அவர் எடுத்த இந்தப் படத்தில் ஜெமினி கணேசன், சாவித்திரி இணையரின் பேரன் அபிநய் ராமானுஜனாகவும், சுஹாசினி தாய் கோமளத்தம்மாளாகவும் நடித்தார்கள். திரையரங்குகளில் படம் அதிக நாள் தங்கவில்லை. அதன்பின் தேவ் படேல் நடித்த ஆங்கிலப் படம் உலகமெங்கும் போய்ச் சேர, தமிழ்ப் படம் தேடிப் பார்க்க வேண்டிய ஒன்றாக ஒதுங்கியது. அதைவிட அரிதானது, கிறிஸ்டோபர் சைக்ஸ் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காக 1987-ல் எடுத்த ஆவணப்படம். இவை எல்லாம் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். அந்தத் தேற்றங்கள் அவருக்கு எங்கிருந்து வந்தன?

குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து தருகிறாள் என்று ராமானுஜன் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். இரத்தம் பரவிய சிவந்த திரை போன்ற ஒன்றில் ஒரு கை எழுதிக்கொண்டே போனது, விழித்ததும் அவற்றைக் குறித்துக்கொண்டேன் என்று அவர் சொன்னதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. சேஷு ஐயர், ராமச்சந்திர ராவ் போன்ற நெருங்கியவர்கள் அவருடைய பக்தி உறுதியானது என்றே எழுதினார்கள். நூலகவியல் அறிஞர் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1967-ல் வெளியிட்ட நூலும் இந்தத் தரப்பின் நினைவுகளைத் தொகுத்துத் தருகிறது. கேம்பிரிட்ஜில் ராமானுஜனோடு உழைத்த ஜி.எச். ஹார்டி கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ராமானுஜனின் சமயம் ஆசாரத்தோடு நின்றது, எல்லாச் சமயங்களும் ஏறக்குறைய ஒரே அளவு உண்மை என்று அவரே தம்மிடம் சொன்னார் என்பது ஹார்டியின் சாட்சியம். ராமானுஜனும் மற்ற கணித அறிஞர்களைப் போலவே சிந்தித்தவர்தான் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

திரைப்படம் இந்த வழக்கில் நடுநிலையாக நிற்பது கடினம். கேமராவுக்குக் கண்ணில் படும் ஒன்று வேண்டும். மரபணு மூலக்கூறின் இரட்டைச் சுருளைப் பற்றி பி.பி.சி. 1987-ல் எடுத்த ‘லைஃப் ஸ்டோரி’ என்ற நாடகப் படம் இந்த வகையில் பேறு பெற்றது. ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வறையில் 1952-ல் எடுக்கப்பட்ட எக்ஸ்-கதிர்ப் படம் ஒன்று அந்தக் கதையின் நடுவில் இருக்கிறது. இரட்டைச் சுருளைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான வாட்சன் அதைப் பார்க்கும் கணத்தைப் பார்வையாளரும் பார்க்கலாம். ராமானுஜன் கதையில் அப்படிக் காட்ட ஒன்றுமில்லை. காகிதம் விலை கூடியது என்பதால் அவர் சிலேட்டில் பலப்பத்தால் கணக்குப் போட்டு, முழங்கையாலேயே அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். நடுவே நடந்த கணக்கு முழங்கையோடு போயிற்று. அந்த வெற்றிடத்தை நிரப்பக் கோயிலும் கனவும் தாயாரும் எளிதில் வந்துவிடுகின்றன. ஆங்கிலப் படத்தில் தேவி தம் நாவில் தேற்றங்களை வைக்கிறாள் என்று ராமானுஜன் ஹார்டியிடம் சொல்லும் இடமே உச்சம் போல் அமைந்திருக்கிறது. பார்ப்பவர் முன் இரண்டு கதவுகள்தான் திறக்கின்றன: ஒன்று தெய்வம் தந்தது, அல்லது மூளை தந்தது.

இந்த இரண்டு கதவுகளும் போதாது என்று காட்டும் சிந்தனை ஒன்று கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடத்தைப் பிறப்பிடமாகக் கொண்டவரிடமிருந்து வந்திருக்கிறது. திருத்தூங்கானை மாடம் என்ற கோயிலால் பெயர் பெற்ற இந்த ஊர், அப்பர் தம் தோளில் சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்க வேண்டிப் பாடிய தலம். கலிக்கம்ப நாயனாரின் ஊரும் இதுவே. 13-ஆம் நூற்றாண்டில் இவ்வூர் அச்சுத களப்பாளர் பிள்ளையில்லாமல் வருந்தித் தம் குரு சகலாகம பண்டிதரிடம் போனார். தேவாரத்தில் கயிறு சாத்திப் பார்த்ததில் சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது. அங்கே நீராடி வழிபட்டுப் பெற்ற பிள்ளை சுவேதவனப் பெருமாள். திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்த அந்தக் குழந்தைக்குப் பரஞ்சோதி முனிவர் ஞானம் அருளி, மெய்கண்டார் என்று பெயரிட்டார் என்பது வரலாறு. இதுவும் மேலிருந்து வந்த அறிவின் கதைதான். நாமகிரித் தாயாரின் கதைக்குச் சற்றும் குறைந்ததன்று.

ஆனால் மெய்கண்டார் எழுதிய சிவஞான போதத்தில் அந்தக் கதை ஒரு வரிகூட இல்லை. பன்னிரண்டு சூத்திரங்கள், மொத்தம் நாற்பது அடிகள். ஒவ்வொரு சூத்திரமும் அதிகரணங்களாகப் பிரிகிறது. ஒவ்வோர் அதிகரணத்திலும் சொல்ல வந்தது மேற்கோளாகவும், அதற்கான காரணம் ஏதுவாகவும், விளக்கம் எடுத்துக்காட்டு வெண்பாவாகவும் நிற்கின்றன. முனிவர் சொன்னார், ஆகவே உண்மை என்ற வாதம் எங்கும் வரவில்லை. இறைவன் உண்டு என்ற முதல் சூத்திரமே ஒரு கருதல்தான்: தோன்றி நின்று ஒடுங்கும் இயல்புடையது உலகம், ஆகவே அதைத் தோற்றுவிப்பவன் ஒருவன் வேண்டும். அருளால் பெற்றதாக மரபு போற்றும் ஞானத்தை வாதமாக்கி எதிர்ப்பட்டவர் முன் வைக்கும் துணிவு இந்த நூலின் பெருமை.

அந்த வாதத்தின் கருவிகளை விளக்கியவர் அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார். குழந்தையைச் சோதிக்க வந்து, ஆணவத்தின் நிலை எது என்று கேட்டு, அசையாமல் நின்ற தம்மையே குழந்தை சுட்டிக்காட்டியதும் அடியில் விழுந்த சகலாகம பண்டிதர்தான் அவர். அவருடைய சிவஞான சித்தியார் அளவை இயலோடு தொடங்குகிறது. பிறர் பல அளவைகள் சொன்னாலும் அவை காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும். காண்டல் நான்கு வகை: பொறிகளால் காண்பது, மனத்தால் காண்பது, இன்ப துன்பங்களைத் தானே உணரும் தன்வேதனை, மல மறைப்பு நீங்கி இடமும் காலமும் கடந்து அறியும் யோகக் காட்சி. ராமானுஜன் வைணவர், இது சைவ நூல் என்ற தயக்கம் வேண்டியதில்லை. அளவை எல்லாச் சமயங்களுக்கும் பொது. மணிமேகலையிலேயே பௌத்தத் தருக்கம் விரிவாகப் பேசப்படுகிறது. உரையளவையில் எந்த நூல் ஏற்கத்தக்கது என்பதில்தான் சமயங்கள் பிரிகின்றன.

ராமானுஜன் கனவில் கண்டது எந்தக் காட்சி? அதை யோகக் காட்சி என்று சொல்லிவிட ஆசை எழும். மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தம் அவ்வளவு தாராளமாக இல்லை. கனவு உயிரின் ஐந்து அவத்தைகளில், அதாவது நிலைகளில், ஒன்று. நனவில் தொழிற்படும் 35 கருவிகளில் அறிபொறி ஐந்தும் தொழிற்பொறி ஐந்தும் நின்றுவிட, எஞ்சிய 25 கருவிகளோடு உயிர் கண்டத்தில் நிற்பது கனவு நிலை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கும் அந்த 25-க்குள் இருக்கின்றன. பகலெல்லாம் எண்களோடு புழங்கிய சித்தம் இரவில் வெளிப்பொறிகளின் தொல்லையில்லாமல் வேலை செய்கிறது. கனவில் வந்தது என்ற காரணத்தால் ஒன்று தெய்வீகமும் ஆகாது, பொய்யும் ஆகாது.

அப்படியானால் தாயாருக்கு இதில் இடமே இல்லையா? இங்கேதான் மெய்கண்டாரின் ஐந்தாம் சூத்திரம் உதவுகிறது. கண்ணும் காதும் உயிரின் துணையால் பொருள்களை அறிகின்றன. அறிவிக்கும் உயிரை அவை அறிவதில்லை. உயிரும் அப்படியே அருளின் துணையால் அறிகிறது, அறிவிப்பதை அறியாமல். இந்தக் கருத்தை முழுதாக எடுத்துக்கொண்டால் ராமானுஜனுக்குக் கிடைத்த சலுகை என்று எதுவும் மிஞ்சாது. நாமகிரியை வணங்கியவர் கண்டதும், கடவுளை மறுத்த ஹார்டி படிப்படியாக நிறுவியதும் அதே அருளால்தான். அருள் ஒரு தேற்றத்துக்கு மட்டும் காரணமாகி, அடுத்த தேற்றத்தில் மனித மூளைக்கு இடம் விட்டு விலகுவதில்லை. ஆகவே தெய்வமா மூளையா என்று கேட்பது, கண் பார்த்ததா உயிர் பார்த்ததா என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

மிஞ்சும் கேள்வி வேறு: கண்டது மெய்தானா? இதற்குச் சித்தியார் தரும் பாகுபாடு ராமானுஜன் கதைக்கென்றே செய்தது போல் இருக்கிறது. கருதலில் தன்பொருட்டு, பிறர்பொருட்டு என்று இரண்டு உண்டு. தானே உய்த்துணர்ந்து தெளிவது தன்பொருட்டு. அதையே மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற உறுப்புகளோடு இன்னொருவர் ஏற்கும்படி நிறுவுவது பிறர்பொருட்டு. சிலேட்டில் நடந்தது முதல் வகை. அவர் இளமையில் படித்த கார் என்பவரின் தொகுப்பு நூலும் ஆயிரக்கணக்கான முடிவுகளை நிறுவல் அதிகம் இல்லாமல் அடுக்கியிருந்தது. 1910-ல் அவர் திருவெண்ணெய்நல்லூருக்கு அண்மையிலுள்ள திருக்கோவிலூருக்குப் போய், இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய துணை ஆட்சியர் வி. ராமசாமி ஐயரிடம் நோட்டைக் காட்டியபோதும் அதில் இருந்தவை முடிவுகளே. பின்னர் அவர் குமாஸ்தாவாக வேலை பார்த்த சென்னைத் துறைமுகத்தில் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் இரவுகளில் உடன் உட்கார்ந்து, நடுப்படிகளையும் எழுதும்படி வற்புறுத்தினார். ஹார்டி கேம்பிரிட்ஜில் கேட்டதும் இதுதான். நிறுவல் கேட்ட ஹார்டியை அருளை நம்பாத மேற்கத்தியராகப் பார்ப்பவர்கள், அதையே கேட்ட நாராயண ஐயரை மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் கேள்வி எவ்வளவு தேவையானது என்பதற்கு ராமானுஜனின் ஒரு பிழையே சான்று. 1913 ஜனவரி 16 தேதியிட்டு ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில், ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதைத் தரும் சார்பைக் கண்டுபிடித்துவிட்டதாகவும், எண் எவ்வளவு பெரிதானாலும் அதன் விடைக்கும் உண்மைக்கும் வேறுபாடு பெரும்பாலும் சுழி அல்லது மிகச் சிறிது என்றும் சொல்லியிருந்தார். அது தவறு. கலப்பெண் சார்புகளின் கோட்பாடு அவருக்கு அப்போது தெரியாது. ரீமனின் சீட்டா சார்புக்குக் கலப்பெண் சுழிகள் உண்டு என்பதை அறியாமல் அவர் கணக்கிட்டிருந்தார். சிறிய எண்களுக்கு அவருடைய விடை வியக்கத்தக்க அளவு நெருங்கி வந்ததே அவரை ஏமாற்றியது. இந்தத் தோல்வி அவருடைய வெற்றிகளைவிட வியப்புக்குரியது என்ற பொருளில் ஹார்டி பின்னர் எழுதினார்.

எல்லாம் தாயார் தந்தது என்று படத்தில் காட்டுபவர் இந்தத் தேற்றத்தை யார் கணக்கில் எழுதுவார்? சித்தாந்தத்துக்கு இங்கே திண்டாட்டம் இல்லை. அருள் குறைவற்றது. உயிரோ ஆணவத்தால் மறைக்கப்பட்டுக் கலை, வித்தை முதலிய கருவிகளால் சிறிது சிறிதாக அறிவது. ஐயமும் திரிபும் உயிரின் பக்கத்தவை. பெரும் பக்தருக்கும் திரிபு நேரும். அதனால்தான் அளவை வேண்டியிருக்கிறது. பக்தியைச் சந்தேகிப்பதற்காக எழுந்த கருவி அன்று அது. கனவில் கண்டதை மறுநாள் காலையில் சோதித்துப் பார்ப்பதால் தாயாருக்கு ஓர் இழுக்கும் இல்லை.

ஹார்டியின் பக்கத்திலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கடிதம் வந்த நாள் இரவில் அவரும் சக கணித அறிஞர் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து படித்தபோது, சில தேற்றங்களை அவர்களால் நிறுவ முடியவில்லை. இருந்தும் இவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் இவற்றைக் கற்பனை செய்யும் திறன் யாருக்கும் இருக்காது என்ற முடிவுக்கு ஹார்டி வந்தார். இது நிறுவல் அன்று. காரியத்தின் தன்மையைப் பார்த்துக் கர்த்தாவின் தன்மையை உய்த்துணர்ந்தார், அந்தக் கர்த்தாவின் மேல் வைத்த நம்பிக்கையால் சொல்லை ஏற்றார். கருதலும் உரையும் சேர்ந்த ஒப்புதல் அது. மெய்கண்டாரின் முதல் சூத்திரமும் காரியத்திலிருந்து கர்த்தாவுக்கே போகிறது. ஹார்டி உலகத்தைப் பார்த்துச் செய்ய மறுத்ததை, ஒரு குமாஸ்தாவின் கடிதத்தைப் பார்த்துச் செய்தார். இரண்டு கருதல்களும் ஒரே வலிமை உடையவை என்று இதற்குப் பொருளில்லை. கடிதத்தைச் சோதிக்க வழி இருந்தது. உலகத்தின் கர்த்தாவைப் பற்றிய வாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் நிறுவல் ஒன்றையே நம்பியவர் ஹார்டி என்ற சித்திரம் முழு உண்மை இல்லை.

பிறர்பொருட்டு நிறுவும் வேலை ராமானுஜனின் காலத்தோடு முடியவில்லை. அவருடைய நோட்டுகளை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957-ல் அப்படியே படியெடுத்து அச்சிட்டது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகளை அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ண்ட் ஒவ்வொன்றாகச் சோதித்து, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். மிகப் பெரும்பாலானவை சரி, சில தவறு. இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 1920 ஜனவரி 12 அன்று, ராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் போலித் தீட்டா சார்புகளுக்குப் பதினேழு எடுத்துக்காட்டுகள் தந்திருந்தார். அவை ஏன் அப்படி நடந்துகொள்கின்றன என்பதை நெதர்லாந்தின் சாண்டர் ஸ்வெகர்ஸ் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் விளக்கினார். அது 2002-ஆம் ஆண்டு.