படித்ததாகக் குறித்தவை

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் நான் ஒல்லியான புத்தகங்களைத் தேட ஆரம்பித்துவிடுவேன். சில ஆண்டுகளுக்கு முன்பும் அப்படித்தான் நடந்தது. வாரத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு 52 புத்தகங்கள் என்று ஜனவரியில் இலக்கு வைத்திருந்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கியபோது கணக்கு 49-இல் நின்றது. எடிசனில் எங்கள் வீட்டு அலமாரியின் முன் நின்று, எழுதியவர் யார், எதைப் பற்றியது என்றெல்லாம் யோசிக்காமல், முதுகின் அகலத்தை மட்டும் பார்த்து மூன்று நூல்களை உருவினேன். ஒரு நாடகம், ஒரு கவிதைத் தொகுப்பு, ஒரு நேர்காணல் நூல். 31-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு மூன்றாவதையும் முடித்து குட்ரீட்ஸில் குறித்தேன். இலக்கை எட்டிவிட்டதாக வாழ்த்து வந்தது. நண்பர்கள் பதினேழு பேர் விருப்பக்குறி இட்டார்கள். நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல அப்பாவைக் கூப்பிட்டேன். சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாழ்நாள் முழுக்க வாசகர். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோய், இரண்டு ஆண்டுகளாக அவரால் படிக்க முடியவில்லை. எந்த வரியைப் பார்த்தாலும் அதன் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு உட்கார்ந்துகொள்கிறது என்பார். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை ஒரு முறை ஊரிலிருந்து வந்தவர் கையில் எனக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். சிங்காரம் பிறந்தது சிங்கம்புணரி என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

“இந்த வருசம் 52 புத்தகம்ப்பா” என்றேன்.

“அடேயப்பா! அதுல நான் குடுத்துவிட்டதும் இருக்கா?”

“ஆமாப்பா, மே மாசமே முடிச்சிட்டேன்.”

“பாண்டியன் கடலுக்கு அந்தப் பக்கம் உக்காந்துகிட்டு மதுரைத் தெருவையெல்லாம் நினைச்சுப் பாக்குறானே, அது உனக்கு எப்படிப்பா இருந்துச்சு? நீயும் வெளியில இருக்கவன். எனக்கு அதக் கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.”

என்னிடம் பதில் இல்லை. நான்கு நாள் ரயில் பயணத்தில், பேச்சு வழக்கும் மலாய்ச் சொற்களும் வந்த இடங்களையெல்லாம் கண்ணால் தாண்டிப்போய் முடித்த நாவல் அது. ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தேன். “நல்லா இருந்துச்சுப்பா” என்றேன். அவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, குளிர் எப்படி இருக்கிறது என்று பேச்சை மாற்றினார்.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. யாருக்கும் நஷ்டம் இல்லாத இடத்தில், யாரும் சரிபார்க்காத ஒரு பெட்டியில், ‘படித்தது’ என்று குறிப்பது பொய்யா?

கணக்கு வைப்பதையே குறை சொல்வது எளிது. அது நன்றிகெட்ட செயலும்கூட. எனக்கு வாசிப்பு திரும்பக் கிடைத்ததே கணக்கினால்தான். எச்-1பி விசாவில் வந்த முதல் ஆறேழு ஆண்டுகள் வேலை, விசா நீட்டிப்பு, கிரீன் கார்டு வரிசை, பிள்ளை என்று போயின. ஆண்டுக்கு இரண்டு புத்தகம் படித்திருந்தால் அதிகம். அப்போதுதான் ஒரு நண்பர் குட்ரீட்ஸைக் காட்டினார். 2007-இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட தளம் அது. ஆண்டுக்கு இத்தனை புத்தகம் என்று நாமே ஓர் எண்ணைச் சொல்லி, அதை நோக்கி நகரும் வாசிப்புச் சவாலை 2011 முதல் அங்கே நடத்துகிறார்கள். நான் 12 என்று போட்டேன். மெட்ரோபார்க்கிலிருந்து நியூயார்க் பென் ஸ்டேஷன் வரை ஏறக்குறைய முக்கால் மணி நேரப் பயணம். அதுவரை அந்த நேரத்தைக் கைபேசி தின்றுகொண்டிருந்தது. அந்த ஆண்டு 14 படித்தேன். அவற்றில் பல இன்றும் நினைவில் இருக்கின்றன. வெறும் ஆசை செய்யாததை ஓர் எண் செய்தது.

தவறு அடுத்தடுத்த ஆண்டுகளில் நுழைந்தது. 12 என்பது 24 ஆயிற்று, 36 ஆயிற்று, பிறகு 52. அலுவலகத்தில் ஒவ்வோர் ஆண்டும் இலக்கை ஏற்றுகிறார்களே என்று புலம்பும் நான், வீட்டுக்கு வந்து எனக்கு நானே அதையே செய்துகொண்டிருந்தேன். எண் பெரிதாகப் பெரிதாக, புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அது என் கையிலிருந்து எடுத்துக்கொண்டது. பெரிய நாவல்கள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயின. ஏற்கெனவே பிடித்த நூலுக்குத் திரும்பிப் போவது நேர விரயமாகத் தோன்றியது. ஒரு பத்தியில் நின்று யோசித்தால், உள்ளே ஒரு குரல் பக்க எண்ணை நினைவூட்டியது.

சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் 1975-இல் பணக்கொள்கை பற்றிச் சொன்ன ஒரு கருத்து, இன்று அவர் பெயரிலேயே விதியாக வழங்குகிறது. ஒன்றை அளக்க வைத்த அளவுகோலையே இலக்காக்கிவிட்டால், அது அளக்கும் தகுதியை இழந்துவிடும் என்பது அதன் சாரம். எத்தனை புத்தகம் என்பது நான் எவ்வளவு வாசகனாக இருக்கிறேன் என்பதற்கு ஓரளவு அடையாளமாக இருந்தது. அதையே துரத்தத் தொடங்கியதும் அடையாளம் பொய்யாயிற்று.

இதைவிட எனக்கு உறைத்தது ஒரு பழைய ஆய்வு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிங் நர்சரி பள்ளியில், படம் வரைவதில் இயல்பாகவே ஆசை கொண்ட 51 குழந்தைகளை வைத்து லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் செய்து 1973-இல் வெளியிட்டது. ஒரு பிரிவுக் குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் வண்ணப் பேனாக்களை வைத்துவிட்டு, யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று கவனித்தார்கள். சான்றிதழை எதிர்பார்த்து வரைந்தவர்கள், மற்றவர்களில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. ஆக, பரிசு கெடுக்கவில்லை. பரிசுக்காகச் செய்தோம் என்ற நினைப்புதான் கெடுத்தது.

என் மகளுக்குப் பள்ளியில் வாரந்தோறும் ஒரு வாசிப்புத் தாள் கொடுப்பார்கள். நாளுக்கு இருபது நிமிடம், பெற்றோர் கையெழுத்து. திங்கட்கிழமை காலை அவசரத்தில் ஏழு கட்டத்திலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போடுவேன். ஒருநாள் அவள், “அப்பா, வியாழக்கிழமை நான் படிக்கவே இல்லையே?” என்றாள். “பரவாயில்லம்மா, சனிக்கிழமை கூடப் படிச்சியே” என்றேன். அப்போது அது எனக்குச் சிறிய விஷயம். அப்பாவின் கேள்விக்குப் பிறகு யோசித்துப் பார்த்தால், அவளுக்கு நான் கற்றுக்கொடுத்தது வாசிப்பை அல்ல, கட்டத்தை நிரப்புவதை.

தமிழில் வாசிப்புக் கணக்கு பற்றிப் பேசும்போது, உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கும் ஒரு சந்திப்பை எண்ணாமல் இருக்க முடியாது. 1880 அக்டோபரில் அவருக்கு வயது 25. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். யாரிடம் பாடம் கேட்டீர்கள் என்கிறார் முதலியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பெயரைச் சொன்னாலே போதும் என்று நினைத்தவருக்கு ஏமாற்றம். அடுத்து, என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்வி. அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று நீண்ட பட்டியலை ஒப்பிக்கிறார். முதலியார் முகத்தில் வியப்பு இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்கிறார். ஐயர் அவற்றின் ஏட்டைக்கூடப் பார்த்ததில்லை.

அந்தப் பட்டியல் பொய்யல்ல. அவர் எல்லாவற்றையும் முறையாகப் பாடம் கேட்டவர். ஆனாலும் அது ஒரு கேள்வியின் முன் நிற்கவில்லை. பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். பட்டியலில் நான்காவது, ஐந்தாவது என்று சேர்க்க ஓடவில்லை. சிந்தாமணி ஒன்றை எடுத்துக்கொண்டார். முதலியாரோடு உட்கார்ந்து படித்தார். விளங்காத சமயக் கருத்துகளுக்குக் கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப்போய்க் கேட்டார். சுவடிகளை ஒப்பிட்டார். 1887-இல் அதைப் பதிப்பித்தார். ஒரு நூலுக்கு ஏழு ஆண்டு. என் கணக்குப்படி அந்த ஏழு ஆண்டில் 364 புத்தகங்கள் முடித்திருக்க வேண்டும்.

அவர் எங்கே, ரயிலில் தொங்கிக்கொண்டு படிக்கும் நாம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். நமக்கு வாசிப்பு தொழில் அல்ல. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாதவனிடம் கோலைப் பிடுங்குவது அறமாகாது. சரி, கோலை மாற்றினால்? தமிழ் வாசகர்கள் சிலர் கூடி, புத்தகங்களை எண்ணாமல் மணிநேரத்தை எண்ணும் ஆயிரம் மணிநேர வாசிப்புச் சவாலை நடத்தினார்கள். நாளுக்கு ஏறத்தாழ 2 மணி 44 நிமிடம். இதில் ஒல்லிப் புத்தகத்துக்குச் சலுகை இல்லை. தடித்த நாவலுக்குத் தண்டனையும் இல்லை. என் முறையைவிட இது நேர்மையானது. ஆனால் புத்தகம் விரிந்திருக்க, மனம் நாளைய மீட்டிங்கில் இருந்தாலும் கடிகாரம் ஓடும் என்பதை நான் அறிவேன். எந்த எண்ணும் என்னை நாற்காலி வரைதான் கொண்டுவர முடியும். உட்கார்ந்த பிறகு நடந்தது என்ன என்று சொல்ல அதற்குத் தெரியாது. அதை நான்தான் சொல்ல வேண்டும். அங்கேதான் உண்மையோ பொய்யோ தொடங்குகிறது.

அதனால் என் கேள்விக்கு இப்போது என் பதில்: ஆம், அது பொய்தான். யாருக்கும் நஷ்டம் இல்லை என்று நினைத்ததும் தவறு. ‘படித்தேன்’ என்பது எண்ணிக்கை அல்ல, ஒரு வாக்கு. அதை நம்பி ஒருவர் நம்மிடம் பேச வருகிறார். நீயும் அங்கே போயிருக்கிறாய், நானும் போயிருக்கிறேன், வா பேசுவோம் என்று. என் அப்பா அப்படித்தான் வந்தார். கண் போன பிறகு அந்த நாவலுக்குள் அவர் நுழைய மிச்சமிருந்த ஒரே வாசல் நான். அந்த வாசலில் நின்று, உள்ளே போகாமலே போய்வந்ததாகச் சொல்லியிருந்தேன். மறந்துபோவது வேறு. நன்றாகப் படித்தவையும் மறக்கும், அதில் குற்றமில்லை. எனக்கு மறக்கவில்லை. மறப்பதற்கு என்னிடம் எதுவும் சேரவே இல்லை.

ஜனவரி இரண்டாம் வாரம் அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். “தெரியும்ப்பா” என்றார். “நீ ‘நல்லா இருந்துச்சு’ன்னு சொன்னப்பவே தெரியும்.” போனிலேயே வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். அவருக்குக் காலை ஏழு மணி, எனக்கு இரவு எட்டரை. மார்ச்சில் இங்கே கடிகாரத்தைத் திருப்பிய பிறகு எனக்கு ஒன்பதரை. தினமும் அரை மணி நேரம். சத்தமாக வாசிக்கும்போது கண்ணால் தாண்டிப்போக முடிவதில்லை. நான் தடுமாறிய மலாய்ச் சொற்களுக்கு, மலேசியாவிலிருந்து திரும்பி வந்த தன் பெரியப்பாவிடம் கேட்டிருந்ததை வைத்து அவர் பொருள் சொன்னார். மதுரைத் தெருக்கள் வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, தான் அங்கே அறை எடுத்துத் தங்கிய நாட்களைப் பற்றிப் பேசினார். நான் அதுவரை கேட்டிராத கதைகள். சில நாள் இரண்டு பக்கம்தான் நகரும். சில நாள் மகளும் பக்கத்தில் வந்து உட்காருவாள், பாதி புரியாமல். ஜூன் மாதம் முடித்தோம்.

அவர் கேட்ட கேள்விக்கும் நடுவிலேயே பதில் சொன்னேன். ஊரை விட்டு வந்தவன் ஊரை நினைக்கும்போது, தெருக்கள் இருந்த வரிசையில் வருவதில்லை, தனக்கு வேண்டிய வரிசையில் வருகின்றன என்றேன். சரியான பதிலா என்று தெரியாது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை வாசி” என்றார்.

அந்த ஆண்டு என் கணக்கு 52-க்கு 9. டிசம்பரில் குறைத்துக்கொள்ளும் வசதி இருந்தும் எண்ணை மாற்றாமல் அப்படியே விட்டேன். இப்போதும் இலக்கு வைக்கிறேன். 12. மகளின் தாளில் படிக்காத நாளின் கட்டம் காலியாகவே போகிறது, ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. என் பட்டியலில் பழைய குறிகள் இன்னும் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, இதைப் பற்றி அப்பா கேட்டால் ஐந்து நிமிடம் பேச முடியுமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். முடியாதவற்றின் குறியை எடுத்துவிட்டு, ‘படிக்க வேண்டியவை’க்கு மாற்றினேன். அந்தப் பட்டியல் இப்போது நீளமாக இருக்கிறது.