கவுண்டருக்கு இந்தப் பக்கம்

தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் திருச்சிக் கிளையில் சர்வீஸ் கவுண்டரில் வேலை பார்த்தேன். முகவரி மாற்றம், நாமினி மாற்றம், லேப்ஸான பாலிசியைப் புதுப்பிப்பது, மெச்சூரிட்டி, இறப்பு கிளெய்ம். நியமனக் கடிதத்தில் இவ்வளவுதான். எத்தனை லீட் (பாலிசி வாங்கக்கூடியவர்), எத்தனை லாகின் (பதிவான புதிய விண்ணப்பம்) கொண்டுவர வேண்டும் என்பது காலை மீட்டிங்கில் வாய்மொழியாக வரும்.

விற்பதில் எனக்குக் கூச்சமில்லை. ஆயுள் காப்பீட்டை யாரும் தானாகக் கேட்டு வாங்குவது அபூர்வம். எல்.ஐ.சி. தொடங்கிய 1956 முதல் ஏஜென்ட்டுகள் வீடுவீடாக ஏறி இறங்கித்தான் அது நம் ஊர்களில் பரவியது. ஆனால் பையோடு வாசலில் நிற்கும் ஏஜென்ட் எதற்கு வந்திருக்கிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காபி கொடுத்துக்கொண்டே மறுத்துவிடுவார்கள். கவுண்டருக்கு வருகிறவர் அப்படி உஷாராக வருவதில்லை. “ஆபீஸ்ல கேட்டா சரியாச் சொல்வீங்கன்னுதான் தம்பி வந்தேன்” என்று உட்காருவார். அந்த நம்பிக்கையைத்தான் டார்கெட் ஆக்கினார்கள்.

மெச்சூரிட்டிப் பணம் வாங்க ஓய்வுபெற்ற ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். படிவத்தை நிரப்பும்போது, “இந்தப் பணத்தை என்ன சார் பண்ணப் போறீங்க?” என்று கேட்கச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் அது அக்கறை. நாங்கள் கேட்டால் லீட். அவர் ஐந்து லட்சத்தை மொத்தமாகப் போடுவதாக நினைப்பார். கையெழுத்துப் போடுவதோ வருடத்துக்கு ஒரு லட்சம் என்று பத்து வருடம் கட்டும் பாலிசியில். இதில் யாரும் பச்சைப் பொய் சொல்ல வேண்டியதில்லை. கட்ட வேண்டிய வருடங்களை வேகமாகச் சொல்லிக் கடந்தால் போதும். சந்தையோடு இணைந்த யூலிப்பாக இருந்தால், ஐந்து வருடம் பணத்தை எடுக்க முடியாத லாக்-இன் வேறு.

திருப்பிக்கொடுக்க வழி உண்டு. 2024 முதல், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால், முத்திரைத் தீர்வை போன்ற சிறு பிடித்தங்கள் போக மீதிப் பணம் வந்துவிடும். ஃப்ரீ லுக் என்பார்கள். அதை எடுத்துச் சொல்ல வேண்டிய ஆள் கவுண்டரில் இருப்பவர். சொன்னால் கணக்கில் ஒரு லாகின் குறையும் ஆளும் அவரே.

மேனேஜரை வில்லனாக்க மனம் வரவில்லை. மார்ச் மாதத்தில் அவருக்கு மேலிருந்து வரும் போன்களை நானே கேட்டிருக்கிறேன். கோளாறு கணக்குப் போடும் விதத்தில் இருக்கிறது. டார்கெட் பிரீமியத்தை எண்ணுகிறது, தேவையை எண்ணுவதில்லை. ஒற்றைச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் முப்பது வயதுக்காரருக்கு டெர்ம் பாலிசிதான் உண்மையான பாதுகாப்பு. அதன் பிரீமியம் சொற்பம். ஆகவே அவருக்கு விளக்கிக்கொண்டிருப்பது எங்கள் கணக்கில் வீண் நேரம். பாதுகாக்க இனிச் சம்பளமே இல்லாத முதியவர், கையில் காசோலை இருப்பதால், நல்ல வாடிக்கையாளர்.

டார்கெட்டைவிட எனக்குப் பயமாக இருந்தது காதில் ஏற்பட்ட மாற்றம். “பையனுக்கு வேலை கிடைச்சிருக்கு” என்று ஒருவர் பூரிப்போடு சொன்னால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் மனது பிரீமியம் போட்டுப் பார்த்தது. உறவினர் கல்யாணத்திலும் அப்படியே.

இறப்பு கிளெய்முக்கு வந்தவர்களிடம் மட்டும் லீட் எடுப்பதில்லை என்று நானாக ஒரு கோடு போட்டுக்கொண்டேன். “கிளெய்ம் பணத்தை வேறெவனோ வாங்கி டெபாசிட் போடுவான், நாம கேட்டா என்ன?” என்றார் பக்கத்து சீட் நண்பர். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. இன்சென்டிவ் குறைந்தது, கல்விக் கடன் தவணை குறையவில்லை. மற்றவர்களிடம் தொடர்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.