கைப்பைப் போற்றுவது முறையா?

இத்தாலி நாட்டின் நிலப்படம் ஒரு நீண்ட காலணியை ஒத்தது என்பர். அதன் குதிகாலாக அமைந்தது பூலியா மாநிலம். மாநிலத்தின் தலைநகர் பாரி. (பறம்பு மலைப் பாரிக்கும் இந்நகருக்கும் பெயரொற்றுமையன்றி வேறு தொடர்பில்லை.) இந்நகரின் பழந்தெருக்களில் பெண்கள் வீட்டு வாயிலில் அமர்ந்து, கடினக் கோதுமை ரவையை நீர் விட்டுப் பிசைந்து, கயிறுபோல் உருட்டிச் சிறு துண்டுகளாக நறுக்குவர். ஒவ்வொரு துண்டையும் கத்தியால் இழுத்துப் பெருவிரல்மேல் கவிழ்த்தால் அது காதுமடல் போல வளைந்து நிற்கும். ‘ஒரெக்கியெட்டே’, அதாவது சிறு காதுகள், என்பது அந்தப் பாஸ்தாவின் பெயர்.

இதற்கு உற்ற துணை ‘சீமே தி ராப்பா’ என்னும் கீரை. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அதன் இலையும் மொட்டும் கைக்கும். பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி ஆக்கிக்கொண்ட படைக்கலமே அக்கைப்பு. மனித நாவும் இயல்பாக அதனை அஞ்சும். கைப்பு பட்டதும் குழந்தை முகஞ்சுளிப்பதை யாரும் கற்பிப்பதில்லை. அவ்வாறிருக்க, ஒரு மக்கட் கூட்டம் கைப்புணவையே தன் பெருமையாகக் கொண்டது எங்ஙனம்?

வறுமையால் என்று விடை கூறிவிடலாம். அதில் உண்மையும் உண்டு. பூலியாவின் நிலம் நெடுங்காலம் பெருநிலக்கிழார் சிலரின் கையில் இருந்தது, உழைத்தோர் நாட்கூலிகள். 1892இல் செரிஞோலா என்னும் ஊரில் பிறந்து, பின்னாளில் இத்தாலியத் தொழிற்சங்கப் பெருந்தலைவராக உயர்ந்த ஜூசெப்பே தி வித்தோரியோவும் சிறுவனாகவே வயலில் கூலிக்கு உழைத்தவர்தாம். பாலாடைக்கட்டி வாங்க இயலாத வீடுகளில், பழைய ரொட்டியைத் தூளாக்கி எண்ணெயில் வறுத்து உணவின்மேல் தூவினர். நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது 1950இல்தான்.

இன்றோ இவ்வுணவு பெருநகர் உணவகங்களில் நல்ல விலைக்கு விற்கப்படுகிறது. ‘ஏழைச் சமையல்’ என்று இத்தாலியரே அதற்குப் பெயரிட்டுப் போற்றுகின்றனர். மத்தியதரைக்கடல் உணவு முறையை 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. பசித்தவன் வேறு வழியின்றி உண்டதைப் பசியறியாதவன் சுவையென்று பாராட்டுவது அறமாகுமா? அது பிறர் துன்பத்தை அணிகலனாகப் பூண்டுகொள்வது ஆகாதா?

இவ்வினாவைத் தொடுப்போர் இரக்கமுடையோர். ஆயினும் அடுப்பருகே சென்று நோக்காதவர். கீரையின் கைப்பைப் போக்குவது கடினமன்று. வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டாலே பெரும்பகுதி நீங்கிவிடும். பூலியாப் பெண்கள் அந்நீரைக் கொட்டுவதில்லை. அதிலேயே பாஸ்தாவையும் வேகவிடுகின்றனர். கீரையை விட்டு நீங்கிய கைப்பு பாஸ்தாவில் ஏறுகிறது. பிறகு எண்ணெயில் பூண்டும் மிளகாயும் இட்டு, உப்பிட்ட நெத்திலியைக் கரையவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகப் புரட்டுகின்றனர். உப்பு கைப்பின் கூர்மையை மழுக்கும். எண்ணெய் அதனைத் தாங்கும். விறகையும் நீரையும் மிச்சப்படுத்தும் தேவை இருந்திருக்கலாம். ஆனால் எதனை எதனோடு சேர்த்தால் கைப்பு சுவையாகும் என்று கண்டது வறுமையன்று, அறிவு. அதனை வறுமையின் பிள்ளை என்று மட்டும் கூறுவோர், அப்பெண்களுக்கு நாவும் தேர்வும் இருந்தன என்பதையே மறுத்தவராவர். கைப்பையும் அறுசுவையுள் ஒன்றாக எண்ணிய தமிழர்க்கு இது புரியாத செய்தியன்று. பாலாடைக்கட்டி எளிதிற் கிடைக்கும் இந்நாளிலும் இவ்வுணவின்மேல் ரொட்டித் தூளையே தூவும் பூலியர் உளர். வேறு வழி திறந்த பின்னும் ஒன்றை விடாதிருப்பது விருப்பமன்றி வேறென்ன?

ஆயினும் இந்நியாயம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. அதே மாநிலத்தில் ‘எரிந்த கோதுமை’ என்றொரு மாவு உண்டு. அறுவடைக்குப் பின் தாளடிக்குத் தீயிட்ட வயலில், கருகிக் கிடந்த மணிகளை ஏழைகள் பொறுக்கி அரைத்துக்கொண்டனர் என்பது வழிவழிச் செய்தி. அதில் தேர்வு எங்கே இருந்தது? எஞ்சியதைப் பொறுக்கினர், அவ்வளவே. இன்று நல்ல கோதுமையை வேண்டுமென்றே வறுத்து அந்தக் கருநிற மாவை ஆக்கி, பழமையின் சுவை என்று சொல்லி விற்கின்றனர். கீரைக்குக் கூறிய வாதத்தை இந்த மாவுக்கும் நீட்டுவது அரிது.